அப்பா அளந்த மழை

பேப்பரைக் கையில் எடுத்தால் எல்லோரும் முதல் பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். எனக்கு வேண்டியது உள்பக்கத்தின் ஒரு மூலையில் இருந்தது. அணைகளின் நீர்மட்டத்தைப் போட்டு, அதற்குக் கீழே எங்கெங்கே எத்தனை மில்லிமீட்டர் மழை என்று பொடி எழுத்தில் வரும். அதில் எங்கள் அணையின் பெயருக்கு நேரே இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்துவிடுவேன். மழை இல்லாத நாளில் சுழி போட்டிருப்பார்கள். சுழியும் எனக்குப் போதும். ஒன்றுமில்லை என்று சொல்வதற்கும் ஓர் ஆள் போய்த் திறந்து பார்த்திருக்க வேண்டும். அந்த ஆள் என் அப்பா.

அப்பா மலைமேல் இருந்த ஓர் அணையில் தற்காலிக வேலை பார்த்தார். அம்மா எனக்கு விவரம் தெரியுமுன்பே இறந்துபோனாள். அணைக் குடியிருப்பில் பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டதால், மூன்றாம் வகுப்பிலிருந்து என்னைப் பாளையங்கோட்டையில் அம்மாவின் அக்காவிடம் கொண்டுவந்து விட்டார். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை, பெரியப்பாவும் இறந்துவிட்டார். இட்லி மாவு ஆட்டி விற்றுக் காலம் தள்ளினாள். கனத்த உடம்பு, குறைந்த பேச்சு. பள்ளி விட்டு வந்தால் அந்த வீட்டில் என்னோடு பேசியது கிரைண்டர்தான். அதுவும் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசும். சாயங்காலம் மொட்டைமாடிக்கு ஏறி மேற்கே பார்த்து நிற்பேன். வானம் தெளிந்திருந்தால் மலை நீலமாகத் தெரியும். அங்கே செல்போன் சிக்னல் கிடையாது. அப்பா மாதம் ஒரு முறை இறங்கி வரும்வரை, அந்த எண்தான் எனக்கு அப்பா.

முழுப் பரீட்சை லீவில் மேலே போயிருந்தபோது எல்லாவற்றையும் காட்டினார். கம்பி வேலிக்குள் ஓர் உருளைப் பாத்திரம், அதன் வாயில் புனல், உள்ளே ஒரு பாட்டில். காலை எட்டரைக்குப் பாட்டிலை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பிறகு வயர்லெஸ்ஸில் கீழே சொல்வார். மற்ற ஊர்க் கணக்கோடு சேர்ந்து அது மறுநாள் பேப்பருக்கு வரும். "நான் சொல்லுததத்தான் ஊரே படிக்குது, பாத்துக்கோ" என்றார்.

பக்கத்தில் ஒரு சின்ன அறை பூட்டிக் கிடந்தது. அணைக்கு அடியில் பூமி அதிர்கிறதா என்று பார்க்கும் கருவி உள்ளே இருந்தது. சற்றுத் தள்ளி லாரி போனாலும் அதன் தாளில் ஒரு கோடு விழுந்துவிடுமாம்.

"பெரியம்மா நடந்தா?" என்று கேட்டேன்.

அப்பா சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். "உங்க பெரியம்மா இங்கன வந்து நடந்தா, பூகம்பம்னு ஆபீசுல எல்லாரும் வெளிய ஓடிருவாவ."

அந்தச் சிரிப்பை நான் பாளையங்கோட்டைக்கும் கொண்டுவந்தேன். மாவுப் பாத்திரத்தோடு பெரியம்மா நடக்கும்போதெல்லாம், இப்போது ஒரு கோடு விழுந்திருக்கும் என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

என் பிறந்தநாள் மாசியில் வரும். ஆற்றில் தண்ணீர் ஒதுங்கி மணல் தெரியத் தொடங்கும் மாதம். நான்காம் வகுப்பில் அப்பாவை வரச் சொல்லி அடம்பிடித்தேன்.

"அன்னைக்கு லீவு தரமாட்டாவட்டி. மறுநா பேப்பரப் பாரு, அதுல சொல்லி அனுப்புதேன்" என்றார்.

பார்த்தேன். எல்லா இடத்துக்கும் சுழி. எங்கள் அணைக்கு மட்டும் இரண்டு. அடுத்த முறை வந்தபோது ரகசியமாகச் சொன்னார்: ஒரு மடக்குத் தண்ணீரைத் தானே புனலில் ஊற்றியிருக்கிறார். "பொய் சொல்லல. பாட்டில்ல தண்ணி இருந்துது, அளந்தேன், சொன்னேன்." அரசாங்கக் கணக்கில் ஒரு சிறுமிக்காக மழை பெய்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

பேப்பரைக் கொண்டுவருவது பெரியம்மா. தெருமுனைக் கடை அண்ணாச்சிக்கு மாவு கொடுக்கப் போகிறவள், கடையில் ஆள் சேருமுன் பேப்பரை வாங்கிவந்து, நான் பார்த்து முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்து நிற்பாள். "பாத்துட்டியாட்டி?" என்பாள். தலையாட்டினால் திருப்பிக் கொண்டுபோய்விடுவாள். எனக்கு அது சிடுசிடுப்பாகவே பட்டது.

அந்த வருஷமே மலையில் தானியங்கிக் கருவியை வைத்துவிட்டார்கள். அப்பா வந்து விவரம் சொன்னார்.

"உள்ள ரெண்டு சின்னக் கரண்டி, பார்க்குல பிள்ளைக ஏறி எறங்கி ஆடுத சீசாப் பலக மாதிரி. ஒண்ணு நெறஞ்சா சாயும், அடுத்தது மேல வரும். எத்தன தடவ சாயுதுன்னு அதுவே எண்ணி, அதுவே செயற்கைக்கோளுக்குச் சொல்லிரும். காத்து, வெயிலு, எல்லாத்தையும் அளக்கும்."

"அப்போ நீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "எல விழுந்து புனல் அடச்சுக்கிட்டா, எடுத்துப் போட ஆளு வேணும்லா?"

எனக்கு நிம்மதியாக இருந்தது.

தீபாவளிக்கு வந்தார். அதற்குப் பிறகு வரவில்லை. கேட்டால், "மலையில வேல கூடிப்போச்சு" என்றாள் பெரியம்மா. பொங்கல் கழிந்து ஒரு நாள் உறவுக்காரர் ஒருவர் வந்து, அடுப்படியில் நின்று தணிந்த குரலில் பேசிவிட்டுப் போனார். என்னைச் சீனி வாங்க அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தபோது பெரியம்மா, ஊறப்போட்ட அரிசிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். அன்று மாவு ஆட்டவில்லை. கிரைண்டர் பழுது என்று நினைத்துக்கொண்டேன். பேப்பரில் எண் மட்டும் தவறாமல் வந்தது. சுழிதான். அப்பா இலை பொறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று இருந்தேன்.

மறுபடி மாசி வந்தது. பிறந்தநாளன்று பள்ளியில் மிட்டாய் கொடுத்தேன். சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து, தெருவில் வரும் ஆட்டோவையெல்லாம் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. அழக் கூடாது, நாளைக்குப் பேப்பர் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் எங்கள் அணைக்கு நேரே இருபத்து மூன்று என்று இருந்தது. இரண்டுக்கு ஒரு மடக்கு என்றால், இருபத்து மூன்றுக்கு ஒரு செம்புத் தண்ணீராவது வேண்டும். அப்பா செம்போடு வேலியைத் தாண்டிக் குதிப்பது எனக்குக் கண்ணிலேயே தெரிந்தது. வீடு முழுக்க ஓடினேன்.

பேப்பரைக் கேட்டு அண்ணாச்சியே வந்துவிட்டார். நான் காட்டிய இடத்தைப் பார்த்தார்.

"மலையில நல்ல மழ போலுக்கே. மேல இருக்க அணை, கீழ இருக்க அணை, எல்லாத்துலயும் பேஞ்சிருக்கு பாரு."

விவரம் தெரியாத மனிதர் என்று அவருக்காகப் பரிதாபப்பட்டேன்.

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி" என்றாள் பெரியம்மா. "அது அவ அப்பா அனுப்புனது."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். பேப்பரை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்பா மலையில் இல்லை என்பதைப் பெரியம்மா ஏழாம் வகுப்பில்தான் எனக்குச் சொன்னாள். கருவி வந்த பிறகு அங்கே அவருக்கு வேலை இல்லாமல் போயிருக்கிறது. கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலைக்கு வாட்ச்மேனாகப் போனவர், அங்கேயே ஒரு கல்யாணமும் செய்துகொண்டுவிட்டார். பொங்கலுக்குப் பிறகு வந்த உறவுக்காரர் சொல்லிப்போனது அதைத்தான். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். நான் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவர் வடக்கே இருந்தார். அன்றைக்கு மலையில் பெய்தது வெறும் மழை. கரண்டி சாய்ந்தது, கருவி எண்ணிச் சொன்னது. யாருடைய பிறந்தநாள் என்று அதற்கு என்ன தெரியும்? பெரியம்மாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் தினமும் காலையில் பேப்பரை வாங்கிவந்து, நான் பார்த்து முடிக்கும்வரை நின்றாள்.

பேப்பரில் இருபத்து மூன்று வந்த அந்தக் காலையில் அவள் பாயசம் வைத்தாள். ஆட்டின மாவு வெளியே போகாமல் அப்படியே இருக்க, முந்திரிப்பருப்பு வாங்கிவந்து வறுத்துப் போட்டாள். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். மழை கழுவிவிட்டதால் மலை மிகவும் கிட்டத்தில் தெரிந்தது. அப்பாவுக்குக் காட்டுவதுபோல் டம்ளரைத் தூக்கிக் காட்டிவிட்டுக் குடித்தேன்.

முட்டுவலி என்று மாடிப்படி பக்கமே வராத பெரியம்மா, இன்னொரு டம்ளரோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, கனத்த காலடி. மலையில் அந்த அறைக்குப் பக்கத்தில் அவள் நடந்திருந்தால் படிக்கு ஒரு கோடு விழுந்திருக்கும். என் பின்னால் வந்து நின்றாள்.

"அப்பாவுக்கு என்மேல எவ்வளவு பிரியம் பாத்தியா பெரியம்மா?"

"ஆமாட்டி" என்றாள்.

நான் திரும்பிப் பார்க்காமல், காலி டம்ளரைப் பின்னால் நீட்டினேன்.