தறிக்குடோனுக்குள் செருப்பு

ராமாமணிக்கு ஏன் இடுப்பு வலி வந்தது என்று சோமனூரில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். தறியில் பாவு நூல் சுற்றிய உருளையைத் தூக்கியதால் என்றார் ஒருவர். மெத்தையில் படுப்பதால் என்றார் இன்னொருவர். ராமாமணி வீட்டில் மெத்தையே கிடையாது. சுளுக்கு எடுக்கிற ஆள் ஒருத்தர் வந்து முதுகை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனார். பழைய வலி அப்படியே இருக்க, புதுசாக ஒன்றும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம்.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. வீட்டை ஒட்டின குடோனில் நான்கு விசைத்தறிகள். அவளும் புருஷன் ஈஸ்வரமூர்த்தியும் ஆளுக்கு இரண்டாகப் பார்த்துக்கொண்டார்கள். தறி ஓடுகிற இடத்தில் உட்காருகிற பேச்சு ஏது? அறுந்த இழையை முடியவும் குறுக்கே ஓடுகிற நாடாக்கட்டையில் நூல் தீர்ந்தால் மாற்றவும் இந்தத் தறிக்கும் அந்தத் தறிக்கும் நடையாய் நடக்க வேண்டும். நாளுக்குப் பத்து மணி நேரம், சிமெண்டுத் தரையில், வெறுங்காலோடு. இந்தச் சத்தத்தில் என்றைக்காவது காது போய்விடும் என்று பயந்திருக்கிறாளே ஒழிய, இடுப்பு போகும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

வலியை எப்படியோ பொறுத்துக்கொண்டிருந்தாள். தம்பி கல்யாணம் வந்தபோதுதான் கதிகலங்கிப் போனாள். கொடுமுடியில் இருந்த தம்பி சென்னியப்பனுக்குப் பெண் அமைந்து, தொண்ணூற்று நான்காம் வருஷம் வைகாசியில் முகூர்த்தம் குறித்தார்கள். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் இணைச்சீர் செய்யாமல் கொங்குக் கல்யாணம் நடக்காது. கூறைப்புடவையின் ஒரு முனை தம்பியிடமும் மறுமுனை அக்காவிடமும் இருக்க, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். சீர்களை நடத்தி வைக்கிற அருமைக்காரர் ஒவ்வொன்றாகச் செய்து முடிக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். ராமாமணியால் எதன்மேலாவது சாயாமல் பத்து நிமிஷம் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

அம்மா சாகும்போது சென்னியப்பனுக்கு ஆறு வயது. குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி அவனை ஆளாக்கியவள் இவள்தான். பெரியப்பா மகள் பாவாத்தாள் ஒரு நாள் வந்து, அக்காவால் முடியாவிட்டால் தான் நின்றுகொள்வதாகவும், தானும் அவனுக்குத் தங்கச்சி முறைதானே என்றும் சொல்லிவிட்டுப் போனாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அன்றைக்கு முழுக்க ராமாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

ஈஸ்வரமூர்த்தி அவளைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனார். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகத்தான் இருந்தது. உடற்பயிற்சி சொல்லித் தரும் டாக்டரம்மா ஒருத்தரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மா இடுப்பைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்த்தார். பாதத்தைத் தண்ணீரில் நனைத்து ஓர் அட்டைமேல் நிற்கச் சொன்னார். ராமாமணியின் தடம் செங்கல்லை வைத்து எடுத்ததுபோல முழுசாக விழுந்தது. ஈஸ்வரமூர்த்தியையும் நிற்கச் சொன்னார். அவர் தடத்தில் நடுவே உள்பக்கம் வளைவாக இடைவெளி இருந்தது. ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் அவர் அதைப் பற்றியே பெருமை பேசிக்கொண்டு வந்தார்.

இரண்டு தடங்களையும் காட்டி டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். உள்ளங்கால் தட்டையாகி உள்பக்கம் சரிந்தால் கணுக்காலும் கூடவே சரியும், முழங்கால் உள்ளே திரும்பும், இடுப்பு கோணும். கடைசியில் முதுகுதான் அதையெல்லாம் தாங்கும். தட்டைக்கால் இருக்கிற எல்லோருக்கும் வலி வராது, வலிக்கு இது ஒன்றே காரணமும் இல்லை. ஆனால் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்றார். உள்பக்கம் மேடு வைத்த செருப்பு ஒரு ஜோடி செய்யச் சொன்னார். நிற்கும்போதெல்லாம் போட வேண்டும். குதிகாலைத் தூக்கி இறக்குவது, கால்விரலால் துணியைச் சுருட்டி இழுப்பது என்று பயிற்சிகளும் உண்டு.

இரண்டு மாசம் ஆயிற்று. வலி ஒரு நூல்கூடக் குறையவில்லை. ராமாமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு நேராக டாக்டரம்மாவிடம் போய் மேசைமேல் வைத்தாள். அந்த அம்மா செருப்பைத் திருப்பிப் பார்த்தார். அடியில் தேய்மானமே இல்லை.

"இதை எப்பப்போம்மா போடறீங்க?"

"வெளிய போறப்ப எல்லாம் போடறனுங்க. பஸ் ஏற, சந்தைக்குப் போக."

"தறி ஓட்டறப்ப?"

ராமாமணி திகைத்துப் போனாள். "குடோனுக்குள்ள எப்படீங்க செருப்புப் போடறது? தறிங்க அது."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வீட்டில் கழற்றி, கோயிலில் கழற்றி, குடோனில் கழற்றி, ஆக மொத்தம் அந்தச் செருப்பு நாளுக்கு அரை மணி நேரம்தான் காலில் இருந்திருக்கிறது. ராமாமணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அழுகையும் வந்தது. கல்யாணத்துக்கு ஏழு வாரம்தான் இருந்தது.

தறி சோறு போடுகிற லட்சுமி. நூல் கொடுக்கிற முதலாளியே வாசலில் செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அவர் செய்யாததைத் தான் செய்வதா என்று ராமாமணி மறுத்துவிட்டாள். ஈஸ்வரமூர்த்தி கோயமுத்தூர் போய், அதே அளவில் தெருவில் படாத புது ஜோடி ஒன்று செய்து வாங்கி வந்தார். வெள்ளிக்கிழமை காலை அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து, தறிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

"ஆயுத பூசைக்கு ஸ்பேனருக்கும் திருப்புளிக்கும் பொட்டு வெக்கறமல்ல? இதும் ஒரு சாமான்தான். போட்டுக்க அம்மணி, லட்சுமி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

அக்கம்பக்கத்தில் கேலிக்குக் குறைவில்லை. செருப்புக்குக் கிடா வெட்டு எப்போது என்று கேட்டவர்களும் உண்டு. ராமாமணி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தறியை நிறுத்திய பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் கிடக்கும் கழிவு நூலையெல்லாம் கால்விரலால் பொறுக்கிக் கூடையில் போட்டாள். நல்ல பாதம் என்று பீற்றிக்கொண்ட ஈஸ்வரமூர்த்தி போட்டிக்கு வந்து, ஒரு நூலைக்கூட எடுக்க முடியாமல் அசடு வழிந்தார். மூன்றாவது வாரம், அண்டாவைத் தூக்கி இறக்கி வைத்த பிறகுதான் இடுப்பை மறந்துவிட்டிருப்பது அவளுக்கு உறைத்தது. சந்தோஷத்தில் அண்டாவை மறுபடியும் தூக்கிப் பார்த்தாள்.

ஆனாலும் மணமேடையில் செருப்பு ஆகாதே. அங்கே வெறுங்கால்தான். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், கொடுமுடி மண்டபத்தில் அவள் செருப்பைக் கீழே கழற்றி வைத்துவிட்டு இணைச்சீருக்காக மேடை ஏறினாள். கீழே பாவாத்தாள் பட்டுச்சேலையோடு எதற்கும் தயாராக நின்றாள். சென்னியப்பன் குனிந்து, "முடியலீன்னா சொல்லீருங்கக்கா" என்று மெதுவாகச் சொன்னான்.

கால் மணி நேரம் போயிற்று. அரை மணி நேரமும் போயிற்று. கொஞ்சம் வலி எட்டிப் பார்த்தது. ராமாமணி கால்விரல்களைத் தரையில் ஊன்றி நிமிர்ந்தாள். வலி அடங்கிப் போயிற்று. அருமைக்காரருக்கு அவள் இடுப்புக் கதை முன்பே தெரியும். இரக்கப்பட்டு, மிச்சச் சீர்களைச் சுருக்கி முடித்துவிடலாமா என்று கேட்டார்.

ராமாமணி புடவை முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீரும் முகத்தில் சிரிப்புமாகச் சொன்னாள்:

"சுருக்க வேண்டாமுங்க. எனக்கு இருக்கறது ஒரே தம்பி. ஒண்ணு உடாம செய்யுங்க, நான் நிக்கறேன்."