குற்றம் சொல்லி விற்ற வண்டி

காளிச்சாமி ஷோரூமில் புது வண்டியைப் பார்த்ததும் முதலில் செய்த காரியம், குனிந்து அதன் அடிவயிற்றைப் பார்த்ததுதான். பிறகு பின்பக்கம் போனார். தள்ளி நின்று, நாலு காலும் சமமாக ஊன்றியிருக்கிறதா என்பதுபோல் நாலு டயரையும் நோட்டம் விட்டார். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி.

"ஏனுங்க, அது மாடில்லீங்க, வண்டி" என்று அவர் மனைவி முத்தாத்தாள் காதோடு சொன்னாள். சொல்லி என்ன பயன்? முப்பது வருஷப் பழக்கம் ஏசிக் காற்றுக்கு உதிர்ந்துவிடுமா!

தொண்டாமுத்தூர்ப் பக்கம் மாடு ஏற்ற வேண்டுமென்றால் காளிச்சாமியைத்தான் கூப்பிடுவார்கள். அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய மாட்டைக் கொண்டுவந்து கட்டுத்தறியில் சேர்ப்பார். சினை மாட்டுக்குக் கன்று குறுக்கே நின்றுவிட்டால் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவார். அடிக்க மாட்டார், வாலை முறுக்க மாட்டார். கழுத்தைச் சொறிந்துகொடுத்து, "வா கண்ணு, ஏறு கண்ணு" என்று கெஞ்சுவார். கட்டின பெண்டாட்டியை ஒருநாளாவது இப்படிக் கெஞ்சியிருக்கிறாரா என்று முத்தாத்தாளிடம் கேட்டுப் பாருங்கள், நல்ல பதில் கிடைக்கும்.

போன தை மாசம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. ஆலாந்துறையில் ரம்ஜான் பீவி என்று ஒரு அம்மா, ஒற்றை மாட்டுப் பாலை ஊற்றிக் குடும்பம் நடத்துகிறவர். அவர் மாட்டுக்கு வலி வந்து கன்று இறங்கவில்லை. காளிச்சாமி தன் பழைய டெம்போவில் மாட்டை ஏற்றிக்கொண்டு பறந்தார். வழியில் ஒரு மேடு. அங்கே கிளட்ச் வழுக்கியது. வண்டி நின்றது நின்றதுதான். வேறு வண்டி பிடித்து வருவதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிப்போய்விட்டது. மாடு பிழைத்தது. கன்று பிழைக்கவில்லை.

ரம்ஜான் பீவி அவரை ஏசவில்லை. முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாட்டின் நெற்றியைத் தடவியபடி நின்றார். நாலு ஏச்சு ஏசியிருந்தால்கூடத் தேவலை. அப்புறம் மூன்று தரம் போன் செய்தார். காளிச்சாமி எடுக்கவே இல்லை. அவருக்குப் பயம், வெட்கம், இரண்டும். அன்றைக்கு விட்டவர்தான், யார் வந்து சினை மாடு என்று வாயெடுத்தாலும் "வண்டி சரியில்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். வைக்கோலும் தீவன மூட்டையும் ஏற்றிக்கொண்டு திரிந்தார். சினை மாடு ஏற்றாத காளிச்சாமி பாதிக் காளிச்சாமிதான், அது அவருக்கே தெரியும்.

அதனால்தான் டெம்போவைக் கொடுத்துவிட்டு ஒரு நடுத்தரப் பிக்கப் எடுக்கலாம் என்ற யோசனை. முத்தாத்தாளுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "அம்பத்தி நாலு வயசுல அஞ்சு வருசத் தவணையாங்க? ஒரு மில்லுல வாட்ச்மேன் வேலைக்குப் போனீங்கன்னா நிம்மதியா உக்காந்திருக்கலாம்" என்று ஒரு மாதமாகப் பாடிக்கொண்டிருந்தாள். இன்றைக்குக் கூட வந்ததும் வண்டி வாங்க அல்ல, மனுஷன் எங்காவது கையெழுத்துப் போட்டுவிடாமல் பிடித்து நிறுத்தத்தான்.

வண்டி காட்டிய பெண் ஹிபா, டவுனில் கரும்புக்கடை என்கிற பகுதிப் பிள்ளை. இருபத்தி நாலு வயது இருக்கும். சினை மாடு ஏற்றத்தான் வண்டி என்று காளிச்சாமி அவளிடம் முதலிலேயே சொல்லியிருந்தார். பழைய வண்டிக்கு மதிப்புப் போடுகிறவர் மோகன்குமார், அவளுக்கு மேலே உள்ளவர். அவர் டெம்போவைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து ஒரு விலை சொன்னார். காளிச்சாமி நினைத்ததைவிட நல்ல விலை. வேண்டாம் வேண்டாம் என்றிருந்த முத்தாத்தாளே கொஞ்சம் முகம் மலர்ந்தாள். மோகன்குமார் காகிதத்தில் எழுதப் போனார்.

"சித்த பொறுங்க சார்" என்றார் காளிச்சாமி. "குத்தம் சொல்லோணும்."

காளிச்சாமி தொழில் பழகிய இடத்தில் அது ஒரு கட்டுப்பாடு. விற்கிற மாட்டின் கயிற்றை வாங்குகிறவர் கையில் கொடுப்பதற்கு முன்னால் மாட்டின் குற்றத்தை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். உதைக்குமா, காம்பு அடைத்திருக்கிறதா, ஊசி போட்டும் சினை நிற்கவில்லையா, எல்லாவற்றையும். சந்தையில் எல்லாரும் இதைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அங்கேயும் புளுகுணி மாப்பிள்ளைகள் உண்டு. காளிச்சாமி கடைப்பிடிப்பார். ஆனால் எக்ஸ்சேஞ்ச் மேசையில் உட்கார்ந்து அதைச் செய்கிற மனுஷனை எங்கேயாவது கண்டதுண்டா?

முத்தாத்தாள் தொடையில் கிள்ளினாள். கேட்டால்தானே!

"கிளட்ச் மேட்டுல வழுக்குமுங்க. நீங்க ஓட்டினது சமதரை, அதான் தெரியல. ரெண்டாவது கியரு நெனச்சா வெளிய வந்துரும். பின்னால தகட்டுக்கு மேல பெயின்ட் அடிச்சிருக்கறேன், அடியில பூராத் துரு. வேறொண்ணுமில்லீங்க."

மோகன்குமார் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, சொன்ன விலையில் நாற்பதாயிரத்தைக் குறைத்தார்.

"தவளை தன் வாயாலதான் கெடுமாம்!" முத்தாத்தாள் பொரிந்து தள்ளிவிட்டாள். "அவரு கேட்டாருங்களா? நாப்பதாயிரம் உங்களுக்கு என்ன புளியங்கொட்டையா? எந்திரிங்க, ஊட்டுக்குப் போலாம்."

"மறைச்சு வித்தா அடுத்தது நம்ம கையில தங்காது முத்தா" என்றவர், ஹிபா பக்கம் திரும்பினார். "என்ற வண்டி குத்தத்தை நான் சொல்லிப்போட்டேன் அம்மணி. இப்ப உங்க வண்டி குத்தத்தை நீங்க சொல்லுங்க."

ஹிபா விழித்தாள். மோகன்குமார்தான் முந்திக்கொண்டார். "எங்க வண்டியில குத்தமே இல்லீங்க சார்."

"குத்தமில்லாத மாடு சந்தைக்கே வராதுங்க" என்று காளிச்சாமி எழுந்து துண்டைத் தோளில் போட்டார். கோபமில்லை, மனசு விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். மில் வாசலில் தொப்பி போட்டு உட்கார்ந்திருக்கும் தன்னையே அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். "அப்ப வாரேனுங்க."

அவர் கண்ணாடிக் கதவைத் தொட்டபோது, "அங்கிள், இருங்க" என்று ஹிபா ஓடிவந்தாள். மோகன்குமார் முறைத்ததை அவள் பார்த்தாள். பார்த்தும் சொன்னாள்.

"பின்னால தளம் உங்க டெம்போவ விட ஒரு ஜாணுக்கு மேல உயரம். மாடு லேசுல ஏறாது. அதுக்கு வேற பலகை பண்ணணும். சின்னச் சந்துல ஒரே ஒடிப்புல திரும்பாது, ரெண்டு தரம் முன்ன பின்ன எடுக்கணும். அப்புறம், லோடு கம்மியா இருந்தா பின்னால தூக்கித் தூக்கிப் போடும். சினை மாடு ஒண்ணு மட்டும் ஏத்தினீங்கன்னா அடியில நாலு மணல் மூட்டை போட்டுக்கங்க. சர்வீஸுக்கு வர்றவங்க சொன்னது இது."

காளிச்சாமி அந்தப் பிள்ளையை உற்றுப் பார்த்தார். "மேட்டுல?"

"அது மட்டும் குத்தமில்ல அங்கிள். சிமென்ட் மூட்டை ஏத்தி, நடு மேட்டுல நிறுத்தி நானே எடுத்திருக்கேன். வாங்க, நீங்களே ஓட்டுங்க."

சோதனை வண்டியில் அன்றைக்கும் மூட்டைகள் கிடந்தன. காளிச்சாமி ஸ்டியரிங்கில், நடுவில் முத்தாத்தாள், ஓரத்தில் ஹிபா. ஊருக்கு வெளியே ஒரு நல்ல ஏற்றம் பார்த்து, பாதி மேட்டில் வண்டியை நிறுத்தினார். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டரில் வைத்தார். இப்படி ஒரு பாதி மேட்டில்தான் அன்றைக்கு எல்லாம் முடிந்தது. மாடு அம்மாவென்று கத்திய சத்தம் இன்னும் அவர் காதில் இருந்தது.

வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் வரவில்லை. உறுமிவிட்டு நேரே ஏறியது.

மேலே போய் நிறுத்தியபோது காளிச்சாமி அழுதுகொண்டிருந்தார். துடைத்துக்கொள்ளவும் இல்லை. ஹிபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை மாசமாக அவர் ராத்திரிச் சோற்றைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்துபோனது எதற்கென்று முத்தாத்தாளுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. தெரியாமல்போயிற்றே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"ஏம் அம்மணி" என்றாள் ஹிபாவிடம், "பலகை மேல சாக்கு அடிச்சா மாட்டுக் காலு வழுக்காதல்ல?"

"வழுக்காதுங்க ஆன்ட்டி."

"அப்பப் போயி எழுதச் சொல்லு. நாப்பதாயிரம் போனாப் போகுது. ஊட்டுல பால் மாடு ரெண்டு நிக்குது, நானும் சேந்து தவணை கட்டறேன்." பிறகு புருஷனிடம், "மொதல்ல கண்ணத் தொடைங்க. வண்டி வாங்கறவரு அழுதா, இன்னொரு பத்தாயிரத்தக் கொறச்சுருவாரு அந்தாளு" என்றாள்.

மோகன்குமார் குறைக்கவில்லை. ஹிபாவை ஒரு முறை பார்த்தார், குறைத்ததில் ஐயாயிரத்தைத் திருப்பிச் சேர்த்தார். வண்டி பத்து நாளில் வரும் என்றார்கள்.

வாசலுக்கு வந்ததும் காளிச்சாமி போனை எடுத்தார். எண்ணைத் தேட அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

"அம்மா, நான் காளிச்சாமிங்க. அன்னைக்கு... நீங்க கூப்பிட்டப்பெல்லாம் எடுக்கலீங்க. உங்க மூஞ்சியில முழிக்க ஆவல. இப்பப் புதுசா ஒரு வண்டி சொல்லியிருக்கறேன். மேட்டுல நின்னு போகாதுங்க. உங்க மாடு மறுபடி சினைன்னு கேள்விப்பட்டேன். ஒருவேளை ஏதாச்சும் ஒண்ணுன்னா..."

 ஏச்சு வரப்போகிறது என்று காளிச்சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏனுங்கண்ணா" என்றார் ரம்ஜான் பீவி, "மூணு தடவ நான் கூப்பிட்டது ஏசறதுக்கில்லீங்க. கன்னு போன அன்னைக்கு மாட்டோட சேந்து நீங்களும் சோறு தண்ணி இல்லாம நின்னீங்களே, சாப்பிட்டீங்களான்னு கேக்கத்தான்."