தக்காளிக்குக் கயிறு கட்டியவர்

என் அக்கா புருஷனுக்கு வாய் ஓயவே ஓயாது. சலூன் கடை வைத்திருக்கிறார். கத்தரி நின்றாலும் பேச்சு நிற்காது. முடி வெட்டிக்கொண்டவர் எழுந்து போன பிறகும் காலி நாற்காலிக்கு மீதிக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். கடைக்கு வருகிறவர்கள் அவருக்கு ரேடியோ என்று பேர் வைத்திருந்தார்கள். நான் அத்தான் என்று கூப்பிடுவேன், கோபம் வந்தால் மட்டும் ரேடியோ. எனக்கு அடிக்கடி கோபம் வரும்.

அக்கா அவருக்கு நேர் எதிர். அவர் மூச்சுவிடாமல் அளந்து முடித்ததும் "ஆச்சா?" என்பாள். அந்த ஒரு வார்த்தையில் மனிதர் பொசுக்கென்று அடங்கிவிடுவார். மறுபடி தொடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நான் அந்த வீட்டுக்குப் போய்வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அப்படிப்பட்டவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து நிறையச் சொன்னார். மாத்திரை, பயிற்சி, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது. கடைசியில், "காரணமே இல்லாம அழுவாங்க. மூளையில அடி பட்டதால வர்றது அது. நீங்க பெருசா எடுத்துக்காதீங்க. நீங்க கலங்கினா அவங்களும் கலங்கிடுவாங்க. சிரிச்ச முகமா இருங்க" என்றார். மற்றதை எல்லாம் நான் ஞாபகம் வைத்துக்கொண்டேன். அத்தான் இந்த ஒன்றை மட்டும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் வீட்டு அடுப்படிக்குப் பின்னால், மதில் சுவர் வரைக்கும் ஒரு துண்டு மண் உண்டு. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அதுதான் அக்காவுக்குப் பிள்ளை. வருஷா வருஷம் தக்காளி போடுவாள். சன்ஷேடிலிருந்து கயிறு தொங்கவிட்டுச் செடியை அதில் சுற்றி ஏற்றுவாள். தண்டுக்கும் இலைக்கும் நடுவில் வருகிற பக்கத் துளிர்களை நகத்தாலேயே கிள்ளிப் போடுவாள். செடி சரசரவென்று ஏறிச் சன்ஷேடைத் தொடும். அத்தான் டீ டம்ளரோடு வாசற்படியில் நின்று இதற்கெல்லாம் வர்ணனை செய்வார். மண்ணில் கால் வைத்தவர் இல்லை.

இந்த வருஷ நாற்றுகளை அவள் விழுவதற்கு முன்பே வாங்கி வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்தபோது அவை தட்டிலேயே துவண்டு கிடந்தன. அத்தான் அன்றைக்கே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குழி தோண்டினார். அக்காவை நாற்காலியோடு தூக்கிவந்து பின்வாசலில் உட்காரவைத்தோம். அவள் முன்னாலேயே நட்டார், தண்ணீர் ஊற்றினார், சன்ஷேடிலிருந்து புதுக் கயிறு கட்டினார்.

"மகாராணி, பாத்துக்கோ. இது மேல தொடுற அன்னிக்கு நீ எழுந்து நடக்குற. என்ன பந்தயம்?"

அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கடைக்கு வருகிறவர்கள், பால்காரர், எதிர்வீட்டு நாய் என்று ஒருத்தரையும் விடவில்லை. வருகிறவர்களும் நாற்காலியில் உட்கார்ந்ததும், "என்ன ரேடியோ, தக்காளி எங்க வரைக்கும் வந்திருக்கு?" என்றுதான் ஆரம்பித்தார்கள். பைத்தியக்காரத்தனம் என்று நான் சிரித்தேன். பிறகு பார்த்தால் பின்வாசலுக்கு வந்ததும் என் கண்ணும் அக்கா முகத்துக்குப் போவதற்கு முன்னால் அந்தக் கயிற்றுக்குத்தான் போகிறது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் பார்த்தேன்.

செடி முழங்கால் உயரம் வந்தது, இடுப்பு உயரம் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

அத்தான் சாணி உரம் போட்டார், கயிற்றை இறுக்கினார், மண்ணைக் கொத்திவிட்டார். அசையவில்லை. மேலே ஏறுவதற்குப் பதிலாக அது நாலாபக்கமும் கிளைத்துப் புதராக நின்றது.

"சத்தெல்லாம் பக்கத்துல ஓடுது. அதான் தலை எழும்ப மாட்டேங்குது. உங்க அக்கா கிள்ளுவாளே, பாத்ததில்ல?"

நகத்தால் கிள்ள அவருக்கு வரவில்லை. கடைக் கத்தரியைக் கொண்டுவந்தார். அதை டெட்டாலில் நனைத்துத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு செடியாகச் சுற்றிச் சுற்றி வந்து, காதோரம் முடி திருத்துகிற மாதிரி அவ்வளவு சுத்தமாக வெட்டினார். நுனியில் பூங்கொத்து வந்தால் அதையும் விடவில்லை. "தலையில பூ வச்சதும் வளர்த்தி நின்னுபோகுது பாரு" என்று அதையும் நறுக்கினார். செடிகள் நோஞ்சானாக, குச்சி குச்சியாக நின்றன.

அவர் கத்தரியை எடுத்தால் அக்கா அழுவாள். இடது கை நாற்காலிக் கையிலிருந்து கொஞ்சம் எழும்பி மறுபடி விழும். வாய் கோணி, சத்தமில்லாமல் கண்ணீர் கொட்டும். அத்தான் ஓடிவந்து துண்டால் துடைப்பார். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமே இல்ல. டாக்டர் சொன்னாரில்ல?" என்று பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். பிறகு அடுத்த செடிக்குப் போவார். நானும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு நாள் அவர் வெட்டிப் போட்ட கிளை ஒன்றை எடுத்துக்கொண்டு நாற்றுப் பண்ணைக்குப் போனேன். செடியை வளர்த்துவிட மருந்து ஏதாவது கிடைக்குமா என்று கேட்கத்தான் போனேன். எங்கள் அக்கா வாங்கியது என்று சொன்னதும் பண்ணைக்காரர் கிளையைத் திருப்பிப் பார்த்தார்.

"இதை ஏம்மா வெட்டினீங்க? இது குட்டை ரகம். இடுப்புக்கு மேல வராது. தலையில பூ வச்சு நின்னுடும், அவ்வளவுதான் அதோட வளர்த்தி. கயிறும் வேணாம், கிள்ளவும் வேணாம். காய்க்கிறதே பக்கக் கிளையிலதான்."

"அக்கா எப்பவும் கொடி ரகம்தானே வாங்குவா?"

"ஆமா. இந்த வாட்டி அவங்கதான் மாத்திக் கேட்டாங்க. கையைத் தூக்கிக் கயிறு கட்ட முடியல, தோள்ல பலமே இல்ல, குட்டையா ஒண்ணு குடுங்கன்னாங்க. நல்லா இருக்காங்களா?"

தோளில் பலமில்லை என்று எங்களிடம் அவள் மூச்சுவிடவில்லை. அந்த வீட்டில் அவள் பேச இடம் ஏது என்று ரேடியோ மேல் ஆத்திரமாக வந்தது. இந்த விஷயத்தை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். சொன்னால் சன்ஷேடு கனவு அதோடு போய்விடும். சொல்லாவிட்டால் செடியை மொட்டை அடித்துவிடுவார். பாதித் தெரு வந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அக்காவுக்கு இது குட்டை ரகம் என்று தெரியும். அப்படியானால் கத்தரியைப் பார்த்து அவள் அழுதது? மீதித் தெருவை ஓட்டமாகக் கடந்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போது அத்தான் கத்தரியோடு செடியண்டை குனிந்திருந்தார். அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

"அத்தான், அதைக் கீழ வைங்க முதல்ல."

பண்ணைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன். "அவனுக்கென்ன தெரியும், நான் வருஷக்கணக்கா பாக்குறேன்" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பிறகு மெதுவாகக் கத்தரியைத் தரையில் வைத்தார். அக்காவின் அழுகை நின்றது. அவர் மறுபடி எடுத்து ஒரு கிளையருகே கொண்டுபோனார். இடது கை எழும்பியது, முகம் கோணியது. கத்தரியைத் தூர எறிந்தார். கை இறங்கியது.

"ஏம்மா, இவளுக்கு எல்லாம் புரியுது! பாத்தியா? எல்லாமே புரியுது!" என்று மண் கையோடு என் தோளைப் பிடித்து உலுக்கினார். சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. அவர் கை என் தோளில் இருந்தபடியே கனத்தது.

"அப்போ, ஆஸ்பத்திரியில சிக்கு விழுதுன்னு அவ பின்னலை நான் ஒட்ட வெட்டினப்போ அழுதாளே?"

என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"ராத்திரி லைட்டை அணைச்சா அழுவாளே? தினம் நான் கதவைச் சாத்திட்டுக் கடைக்குக் கிளம்புறப்போ அழுவாளே? சிரிச்சுட்டுத்தானே போனேன், ஏம்மா?"

"எனக்குத் தெரியல அத்தான்."

அவர் அக்காவின் காலடியில் மண்ணிலேயே உட்கார்ந்தார். முடியைப் பற்றிக் கேட்டார். அவள் அழுதாள். விளக்கைப் பற்றிக் கேட்டார், அழுதாள். கதவைப் பற்றிக் கேட்டார், அழுதாள். "சரி, தண்ணி குடிக்கிறியா?" என்றார். அதற்கும் அழுதாள். இதில் எது அக்காவின் அழுகை, எது நோயின் அழுகை என்று அவள் முகத்தில் எவ்வளவு தேடியும் எனக்குப் பிடிபடவில்லை.

அத்தான் துண்டை எடுத்து அவள் கண்ணைத் துடைத்தார். துடைக்கும்போது பழக்கத்தில் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அந்த முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே என் பக்கம் திரும்பினார்.