எறி, வைக்காதை

ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் காலை பஸ்ஸில் கருவாடு விற்கப் போகிற ஒரு அக்கா அடிக்கடி எனக்குப் பக்கத்தில் இருப்பார். ஒருநாள் அவர், நான் கம்பஸில் என்னதான் படிப்பிக்கிறேன் என்று கேட்டார். கணக்கு என்றேன். கணக்கில் என்ன என்று விடாமல் கேட்டார். பஸ் மண்டைதீவுச் சந்தியைத் தாண்டிப் பண்ணைப் பாலத்தில் ஏறியிருந்தது. இறங்கித் தப்பவும் வழியில்லை.

"ஒரு பெட்டிக்குள்ளை கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சப் புள்ளியை எறிஞ்சால், அதுகளுக்கிடையிலை எவ்வளவு தூரம் இருக்கும் எண்டு பாக்கிறது அக்கா."

"பெட்டி எவ்வளவு பெரிசு?"

"பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் மட்டுமில்லை. அதுக்கு மேலையும் ஆயிரம் திசை இருக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உப்பிடிப் பெட்டி எங்கை கிடக்கு?"

"ஒரு இடத்திலையும் இல்லை."

"உதைப் படிக்கவும் பிள்ளையள் வருதுகளோ?" என்று கேட்டுவிட்டுக் கருவாட்டுப் பையை மடியில் சரிசெய்துகொண்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

ஒரு மனிதரை ஆயிரம் விதமாக அளந்தால் அவரும் அந்தப் பெட்டிக்குள் ஒரு புள்ளிதான் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் பேச்சு என் மகளிடம் போய் நிற்கும். அந்த நாட்களில் அவளைப் பற்றி யாரும் வாய் திறந்தாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் எங்கள் இரண்டு பேரோடும் கதைப்பாள். அதுவும் தேவைக்கு மட்டும். வாசல் படலையைத் தாண்டினால் ஒரு சொல் வராது. யாராவது பக்கத்தில் வந்து இருந்தால் எழுந்து போய்விடுவாள். கையைப் பிடித்தால் சூடுபட்டதுபோல் இழுத்துக்கொள்வாள். அவளுக்குப் பிடித்தது ஒரேயொரு விளையாட்டு. அதை நான்தான் பழக்கினேன். நிலத்தில் ஒரே இடைவெளியில் கோடுகள் போட வேண்டும். அந்த இடைவெளி அளவுக்கே தென்னோலை ஈர்க்குகளை வெட்டி, ஒரு பிடி எடுத்துக் கண்ணை மூடி எறிய வேண்டும். எத்தனை ஈர்க்கு கோட்டின் மேல் கிடக்கிறது, எத்தனை கோட்டைத் தொடாமல் கிடக்கிறது என்று எண்ண வேண்டும். எறிந்துகொண்டே போனால், மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவான ஈர்க்குகள் கோட்டின் மேல் கிடக்கும். அந்தக் கொஞ்சத்துக்குள் வட்டத்தின் கணக்கு, 'பை' என்கிற அந்த எண், ஒளிந்திருக்கிறது. ஒரு வட்டமும் இல்லாத விறாந்தையில் வட்டத்தின் கணக்கு வந்து நிற்பது எனக்கு இன்றைக்கும் அதிசயம்தான். மகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. விழுகிற சத்தமும், விழுந்த கோலமும் போதும்.

என் கணவர் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். வெண்கட்டிக் கோடுகள் அழிந்து அழிந்து போவதைப் பார்த்துவிட்டு, யாரோ ஒருவரின் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ரால் விறாந்தை முழுக்கக் கோடு போட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏன் இப்படி என்று கேட்டால், "இது எங்கடை வீட்டுச் சங்கீதக் கொப்பி" என்பார்.

யாழ்ப்பாணத்தில் மகளைப் பார்த்த டொக்ரர் நல்ல மனிதர். ஒரு தாளில் மேடுபோல் வளைகோடு கீறி, "கூடப் பிள்ளையள் இந்த நடுவிலை இருப்பினம். உங்கடை மகள் இஞ்சை, கொஞ்சம் தூரத்திலை" என்று ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். எனக்கு அந்தப் புள்ளியைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"டொக்ரர், நீங்கள் ஒரு அளவை வைச்சுக் கீறினால்தான் நடுவிலை கூட்டம் நிக்கும். உயரம், கதை, நித்திரை, பயம், சிரிப்பு எண்டு நூறு அளவை ஒண்டாச் சேருங்கோ. நூறிலையும் நடுவிலை நிக்கிற பிள்ளை இந்த உலகத்திலை இல்லை. நடு வெறுமையாக் கிடக்கும்."

அவர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தேங்காயை உதாரணம் காட்டினேன். சாதாரணத் தேங்காயில் பருப்பு, தண்ணீர், மட்டை எல்லாவற்றுக்கும் இடமிருக்கிறது. திசைகளைக் கூட்டிக்கொண்டே போனால் உள்ளுக்குள் இருப்பதெல்லாம் ஒன்றுமில்லாமல் போய், தேங்காய் முழுக்க மட்டையாகிவிடும். எல்லாப் புள்ளியும் ஓரத்தில்தான் இருக்கும். எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் அவற்றுக்கிடையே ஏறக்குறைய ஒரே தூரம்தான். ஆகவே என் பிள்ளை மற்றப் பிள்ளைகளிடமிருந்து தூரம் என்றால், மற்றப் பிள்ளைகளும் ஒருவரிடமிருந்து ஒருவர் அதே தூரம்தான் என்று முடித்தேன். வெளியே எங்களுக்குப் பின்னால் பெரிய வரிசை காத்திருந்தது.

இரவுச் சாப்பாட்டில் இதைக் கணவருக்குச் சொன்னேன். "டொக்ரருக்கே வகுப்பெடுத்துப் போட்டீரோ?" என்று சிரித்தார். பிறகு புட்டைப் பிசைந்தபடி கேட்டார்.

"உம்மடை கணக்கிலை எல்லாரும் எல்லாருக்கும் தூரம். அது சரி. அப்ப பிள்ளைக்குக் கிட்ட ஆர்?"

நான் கறிச் சட்டியை மேசையில் டொக்கென்று வைத்தேன்.

அந்த வருடம் எங்கள் மாதா கோயிலில், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கான முதல் நன்மை வகுப்பு மறுபடியும் தொடங்கியது. எங்கள் பங்கில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகள் இணையிணையாகத்தான் இருப்பார்கள். வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒன்றாகச் செபம் பாடமாக்கி, கடைசியில் வெள்ளைச் சட்டையோடு கைகோர்த்துப் பீடத்துக்கு நடப்பார்கள். தாய் தகப்பன் கூட நடக்கக்கூடாது. தனிப்பிள்ளையாகவும் விடமாட்டார்கள். அதற்கு முந்தின வருடம் மகள், பக்கத்தில் யாரை விட்டாலும் எழுந்து போனதால், அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார்கள். அப்போது தைத்த சட்டை அலுமாரிக்குள் தொங்கியது. அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். ஒருநாள் அலுமாரிக் கதவைத் திறந்துவைத்து, அந்தச் சட்டையின் முன்னால் நிலத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "கட்டையாப் போகுது" என்றாள். நான் குசினிக்குள் போய் அழுதேன். அன்றே விளிம்பை அவிழ்த்து நீட்டித் தைத்தேன்.

வகுப்பெடுக்கும் கன்னியர்மடத்துச் சிஸ்ரர் என்னைவிட இளையவர். ஸ்கூட்டரில் காற்றாய்ப் பறப்பார். இந்த முறையாவது மகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போனேன்.

"எனக்கும் விருப்பம்தான் ரீச்சர். ஆரை இணையா விடுறது எண்டுதான் தெரியேல்லை."

நான் உடனே என் தேங்காயை எடுத்துவிட்டேன். நடு வெறுமை, எல்லாரும் ஓரம், எல்லாத் தூரமும் ஒரே தூரம். சிஸ்ரர் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "அப்பிடியெண்டால் ஆரை விட்டாலும் ஒண்டுதானே ரீச்சர்?" என்றார்.

என் தேற்றத்தின்படி அதுதான் சரி. எல்லாரும் ஒரே தூரத்தில் என்றால் கிட்டின பிள்ளை என்று ஒன்றைத் தேடுவதில் அர்த்தமில்லை.

"ஓம்," என்றேன் வீம்புக்கு. "அப்ப சீட்டுப் போடுங்கோ. கணக்குப்படி அதுதான் நியாயம்."

அடுத்த ஞாயிறு, வகுப்பு முடிந்தபின் சிஸ்ரர் ஒரு பிஸ்கட் ரின்னைக் குலுக்கி என்னையே எடுக்கச் சொன்னார். நான் எடுத்துக் கொடுத்த துண்டை விரித்துப் பெயரை வாசித்தார். இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற, நண்டு வலைக்குப் போகிறவரின் மகள். அந்தப் பிள்ளைக்கு வாய் ஓயாது. பூசையில் சுவாமியாரே நிறுத்தி, யார் அங்கே கதைப்பது என்று கேட்டிருக்கிறார். இத்தனை பிள்ளைகளுக்குள் இதுதானா வரவேண்டும் என்று நினைத்தேன். சீட்டுக் கேட்டது நான்தான் என்பதால் ஒன்றும் சொல்லவும் ஏலவில்லை.

செபம் பாடமாக்க அவள் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். வந்த நேரத்திலிருந்து கதைதான். தகப்பன் பிடித்த நண்டு, நயினாதீவுப் படகில் சத்தி எடுத்த மாமி, பள்ளிக்கூடத்தில் கிணற்றுக்குள் விழுந்த செருப்பு. மகள் விறாந்தையின் மற்ற மூலையில் முதுகைக் காட்டியபடி ஈர்க்கு எறிந்துகொண்டிருப்பாள். அந்தப் பிள்ளை அந்த முதுகைப் பார்த்துக் கதைத்துவிட்டு, பொழுதுபட வீட்டுக்குப் போவாள். அடுத்த நாளும் வருவாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

ஒரு பின்னேரம் நான் குசினியில் மிளகாய் பொரித்துக்கொண்டிருந்தேன். யன்னலால் விறாந்தை தெரியும். அந்தப் பிள்ளையும் ஒரு பிடி ஈர்க்கு எடுத்து எறிந்தாள். பாதிக்கு மேல் கோடு தொடாமல் கிடந்தன. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கோட்டின் மேல் குறுக்காக வைத்தாள். "நான்தான் வெண்டனான்! எல்லாம் கோட்டிலை!" என்று துள்ளினாள்.

மகள் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"எறி!" என்றாள். "வைக்காதை!"

ஒன்பது வருடத்தில் வெளியாள் ஒருவரிடம் என் மகள் பேசிய முதல் வார்த்தை, ஒரு கண்டிப்பு. அதுவும் என் பாடத்தின் முதல் விதி. அந்தப் பிள்ளைக்கு இதொன்றும் பெரிதில்லை.

"சரி, எறியிறன். கத்தாதை," என்றாள். எல்லாவற்றையும் கூட்டி அள்ளினாள்.

"கண்ணை மூடு," என்றாள் மகள்.

"மூடிட்டன்."

"பொய். பாக்கிறாய்."

மிளகாய் கருகி வீடு முழுக்கப் புகை. நான் இருமிக்கொண்டே கணவருக்குப் போன் எடுத்தேன். என்ன, என்ன என்று அவர் பதறினார். போனை யன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். விறாந்தையில் இரண்டு குரல் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அந்தத் தூரக் கணக்கில் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு புள்ளி விழுவது மற்றப் புள்ளிக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். வகுப்பில் இதைக் கரும்பலகையில் ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவேன். மனிதர்கள் அப்படி விழுவதில்லை. ஒரே ஒழுங்கை, ஒரே மணி, ஒரே நண்டுக் குழம்பு என்று ஒன்றோடொன்று இழுபட்டு ஆயிரம் திசையில் பலதும் மடங்கிப் போகின்றன. மடங்கினால் கிட்ட என்ற சொல்லுக்கு மறுபடியும் அர்த்தம் வந்துவிடும். இது என் துறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். டொக்ரருக்கு வகுப்பெடுத்த அன்று எனக்கு அது வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

மகள் அதன்பிறகு வாயாடி ஆகிவிடவில்லை. சிஸ்ரரோடு கதைக்கவில்லை, என் தங்கச்சியோடும் கதைக்கவில்லை. அந்த ஒரு பிள்ளையோடு மட்டும், விறாந்தையில் மட்டும். கோயிலில் அவள் பக்கத்தில் எழும்பாமல் இருந்தாள். கைகோர்க்கத்தான் இன்னும் ஏலாமல் இருந்தது. ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் கையை இழுத்துக்கொண்டு தூணடிக்குப் போனாள். கைகோர்க்காமல் போனால் வரிசை கலைந்துவிடும் என்று சிஸ்ரரும் கவலைப்பட்டார். முதல் நன்மை ஞாயிறு விடிய நான் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக்கொண்டே, இன்றைக்கும் தூணடிதான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

கோயில் நிறையச் சனம். பாட்டுத் தொடங்க, வெள்ளைச் சட்டைகள் இணையிணையாக வாசலால் வந்தன. எங்கள் இணை கடைசிக்கு முன். நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு ஈர்க்கு. ஒரு நுனியை என் மகள் பிடித்திருந்தாள், மற்ற நுனியை அவள். ஈர்க்கு வளையாமல், விழாமல், இருவரும் ஒரே அளவில் காலெடுத்து வைத்து நடந்தார்கள். அந்தப் பிள்ளையின் வாய் அப்போதும் ஓயவில்லை. எனக்குக் கண் மறைத்துவிட்டது. கணவர் தன் லேஞ்சியைத் தந்தார். அதில் கிறீஸ் மணத்தது. அதாலேயே துடைத்தேன்.

பூசை முடிந்து முற்றத்தில் தேத்தண்ணியும் பற்றீசும் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளை ஓடிவந்து, "அன்ரி, ஈர்க்கை எடுத்து வைச்சதைப் பாவசங்கீர்த்தனத்திலை சுவாமியிட்டைச் சொல்லிப்போட்டன்" என்று எனக்கு அறிவித்துவிட்டு ஓடினாள். சிஸ்ரர் தேத்தண்ணியோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நானும் ஒண்டு சொல்ல வேணும் ரீச்சர். அண்டைக்கு அந்த ரின்னுக்குள்ளை கிடந்த துண்டு எல்லாத்திலையும் இப்ப ஓடினாளே, இவளின்ரை பேர்தான் எழுதியிருந்தது."

"ஏன் அவளை?" என்று கேட்டேன்.

"மற்றப் பிள்ளையள் ஒண்டைக் கேட்டால் மறுமொழிக்குப் பாத்துக்கொண்டு நிப்பினம். மறுமொழி வராட்டில் மனம் நொந்து போவினம். இவள் மறுமொழிக்கு நிக்கிறேல்லை. அதுதான்." கொஞ்சம் வெட்கப்பட்டார். "நீங்கள் கணக்கு, நியாயம் எண்டு சொன்னதாலை நேரை சொல்லப் பயமா இருந்தது."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் பிள்ளையை யாரோ இவ்வளவு நேரம் நினைத்துப் பார்த்திருக்கிறார் என்பது மட்டும்தான் மனத்தில் நின்றது. தேத்தண்ணிக் கோப்பையோடு சேர்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாமரத்தடியில் மகள் நிலத்தில் கோடு கீறிக்கொண்டிருந்தாள். எங்களை நிமிர்ந்து பார்த்தாள். சிஸ்ரர் என் காதுக்குள், "அவவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

"அம்மா, என்ன?" என்று அங்கிருந்தே கேட்டாள் மகள், அத்தனை சனத்துக்கு நடுவில், சத்தமாக.

"ஒண்டுமில்லைக் குஞ்சு," என்றேன். "நீ எறி."