இடதுகைக்காரரைத் தேடி கும்மிடிப்பூண்டிக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேப்பம்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். ஊர் சுற்ற இல்லை, அடி வாங்க. அடுத்த ஞாயிறு மாவட்டத் தேர்வுக் குத்துச்சண்டை. என் எடைப் பிரிவில் எதிரே நிற்கப்போவது ஒரு பொன்னேரிப் பெண். எங்கள் கிளப்பில் எல்லோரும் இடது காலை முன்னால் வைப்போம், அவள் வலது காலை வைப்பாள். இப்படி நிற்பவர்களை சவுத்பா என்பார்கள், பெரும்பாலும் இடதுகைக்காரர்கள். அவர்களிடம் இதுவரை மூன்று முறை தோற்றிருக்கிறேன். "இந்த வாட்டியும் தோத்தீன்னா அடுத்த வருசம் வேற பொண்ணத்தான் அனுப்புவேன்" என்று எங்கள் கிளப் மாஸ்டர் சொல்லிவிட்டார்.

அவர் சொன்ன திட்டம் இது. அவளுடைய இடது கைதான் ஆபத்து, எனவே உன் இடது பக்கமாகவே விலகு. உன் முன்கால் அவள் முன்காலுக்கு வெளியே இருக்கட்டும், அங்கிருந்து வலது கையை நேராக விடு. கேட்கும்போது நன்றாகத்தான் புரிந்தது. கண்ணாடி முன்னால் நின்றதும் என் இடது எது, அவள் இடது எது என்று குழம்பி என் காலே என்னைத் தடுக்கியது. எங்கள் கிளப்பில் இடதுகைக்காரர் ஒருவர்கூட இல்லை. என்னோடு வேலை பார்க்கும் அக்கா, தன் அண்ணன் ஏழுமலை பழைய பாக்சர், சுத்தமான இடதுகை, கும்மிடிப்பூண்டியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார் என்றார். கிளம்பிவிட்டேன்.

காலை 6.10 மின்சார ரயில், டிக்கெட் 20 ரூபாய். 7.05க்கு பேசின் பிரிட்ஜில் இறங்கி, தவறான நடைமேடையில் நின்று ஒரு வண்டியைக் கோட்டை விட்டேன். நீங்கள் போனால் படி ஏறும் முன் யாரையாவது கேட்டுவிடுங்கள். அடுத்த வண்டியில் கும்மிடிப்பூண்டி சேர்ந்தபோது மணி 9.05. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் 3 கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபாய்.

"ஞாயித்துக்கெயம கம்பெனி லீவாச்சே, எங்க போய்க்கினு கீற?" என்றார் டிரைவர்.

"பாக்சிங்ண்ணா."

"யாரு அடிக்கப் போறாங்க?"

"தெரியலண்ணா."

ஏழுமலை அண்ணன் வாசலில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் இட்லியைப் பிட்டார். அப்பாடா என்றிருந்தது. மொட்டை மாடிக்குப் போய் கிளவுஸ் மாட்டினோம். அவர் இடது காலை முன்னால் வைத்து, என்னைப் போலவே நின்றார்.

"அண்ணா, கால் மாறிடுச்சு."

"இல்லம்மா, நான் இப்டித்தான். எங்க மாஸ்டருக்கு லைன்ல அல்லாரும் ஒரே மாதிரி நிக்கணும். சோறு துன்றது எந்தக் கையோ, நிக்கிறது அவரு சொன்ன மாதிரி."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று மணி நேரம் பயணம் செய்து, எங்கள் கிளப்பில் நிற்பது போலவே நிற்கும் ஓர் ஆளிடம் வந்திருக்கிறேன்.

"கால வெச்சி கைய சொல்ல முடியாது. அந்தப் பொண்ணுக்கு எது பலமான கை?" என்றார். என் போனில் அவளுடைய பழைய சண்டை வீடியோ இருந்தது. ஓடவிட்டோம். கடைசியில் அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறாள், வலது கையால். பத்து முறை பார்த்த வீடியோ அது. நான் கவனித்ததே இல்லை.

"அப்ப பலமான கை முன்னாடி கீது. நீ இடது பக்கமா போனா அந்தக் கைலதான் போயி உக்காருவ."

"வலது பக்கம் போனா?"

"பின்னாடி கீற இடது கை வரும்."

"அப்ப எங்கதாண்ணா போறது?"

"அதான் பேஜாரு" என்று சொல்லிவிட்டு, கீழே இருந்த தன் மனைவியைக் கூப்பிட்டார்.

தேவி அண்ணி வலதுகைக்காரர், அண்ணனோடு பயிற்சி செய்து பழகியவர். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கிளவுஸ் மாட்டி, அந்தப் பெண்ணைப் போலவே வலது காலை முன்னால் வைத்தார். திட்டப்படி இடது பக்கம் போனேன். அந்த வலது கை வளைந்து வந்து என் கன்னத்தில் இறங்கியது. மறுபடி போனேன், மறுபடி இறங்கியது.

"போறது தப்பில்லம்மா, அங்கியே நிக்காத" என்றார் அண்ணன். இடது கையால், முன்னால் இருக்கும் அவள் கையை அழுத்து, ஒரே ஒரு வலது விடு, உடனே இடது கிளவுஸைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வெளியே வா. இதையே ஆறு ரவுண்டு செய்தோம். கடைசி ரவுண்டில்தான் கொஞ்சம் பிடிபட்டது.

சாப்பாடு போடும்போது அண்ணி சாதாரணமாகக் கேட்டார், "உங்க கிளப்புல வலதுகைக்காரங்களே இல்லியாம்மா?"

எல்லோருமே வலதுகைதான். யாராவது ஒருத்தியைக் காலை மாற்றி நிற்கச் சொல்லியிருந்தால் போதும்.

சவுத்பாவோடு மோதப்போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். காலைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். எதிராளி எந்தக் கையால் எழுதுகிறார், பாட்டில் மூடியைத் திறக்கிறார் என்று பாருங்கள். அதற்குப் பிறகும் குழப்பம் இருக்கும், எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் எந்தக் கைக்குப் பயப்பட வேண்டும் என்பதாவது தெரியும்.

தேர்வு நாளில் முதல் ரவுண்டு அவளுக்குப் போனது. இரண்டாவதில் அவளுடைய வலது கை என் கிளவுஸில் பட்டுத் தெறித்தது, என் வலது கை அவள் மூக்கில் நேராக இறங்கியது. மூன்றாவது ரவுண்டு எனக்கு நினைவே இல்லை. நடுவர் எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நின்றார், ஜெயித்தவர் கையைத்தான் தூக்குவார். அறிவிப்பு காதில் விழவில்லை. என் கை மேலே போனது. மாஸ்டர் வந்து, "போதும், இறக்கும்மா, அடுத்த ஜோடி வந்து நிக்கிறாங்க" என்று சொல்லும்வரை அதை நான் இறக்கவில்லை.