பக்கத்து வீட்டுக் கருவாட்டுக் குழம்பு

கணையத்தில் புற்றுநோய் என்று ஆபரேஷன் செய்த பிறகு எனக்குச் சோறு என்றாலே பயம். ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டோடு செரிமான மாத்திரை போடுகிறேன். அப்படியும் கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தால் வயிறு கலங்கி ஓட வேண்டியதுதான். கரும்பு வெட்டின ஆள் நான். இப்போது கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறவே யோசிக்கிறேன்.

எனக்கு வைக்கும் தாளிக்காத ரசஞ்சோற்றையே என் மனைவியும் மகளும் சாப்பிட்டார்கள். "எங்களுக்கும் இதாங்க புடிச்சிருக்குது" என்பாள் மனைவி. நானும் நம்பினேன்.

ஒருநாள் மதியம் தூங்கி எழுந்தபோது வீட்டில் யாருமில்லை. தேடிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பின்பக்கம் போனேன். இருவரும் அங்கே உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மகள் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மனைவி வாயிலிருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திகைத்தாள். திருடி மாட்டிக்கொண்டவர்கள் போலிருந்த அந்த முகங்களை என்னால் தாங்க முடியவில்லை.

"இன்னாத்துக்கு மறைக்கிற? நாளைலேர்ந்து நம்ம வூட்லயே வைங்க."

"வாசனை வருமேங்க..."

"வரட்டுமே. எனக்குத்தான் இப்பல்லாம் அதுமேல ஆசையே இல்லியே."

மறுநாள் எங்கள் அடுப்பில் கருவாடு கொதித்தது. நான் ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டு அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

அவள் இத்தனை நாள் எனக்குச் சொன்ன அதே பொய்யைத்தான் நானும் சொல்லியிருந்தேன். அவள் அதை நம்பவில்லை. நம்பியது போலச் சாப்பிட்டாள்.