ஏணியை எடுத்தது யார்?

இன்று சாயங்காலம் ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து போடிக்குத் திரும்ப, காய் எடுக்கும் பெண்களோடு ஜீப்பில் ஏறிக்கொண்டேன்.

பாதி இறக்கத்தில், ஒரு வளைவில், டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார்.

“என்னண்ணே, வண்டி கோளாறா?”

“இல்லண்ணே. மொதல்ல டவர் கெடைக்கிறது இங்கதான். வீடு போற வரைக்கும் இவுகளுக்குப் பொறுக்காது.”

எல்லாப் போன்களும் ஒன்றாகச் சத்தம் போட்டன. இவர்கள் ஊரான சிலமலையில் மூன்றாம் வகுப்பு டீச்சர் தினமும் ஒரு பிள்ளையைக் கதை வாசிக்கவைத்து, பதிவு செய்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறாராம்.

இன்று என் பக்கத்திலிருந்த அக்காவின் மகள். கதையில், தேனெடுக்க ஏணி வைத்து மரமேறுகிறது ஒரு கரடி. ‘பள்ளத்தாக்கு’ என்ற சொல் வந்ததும் பிள்ளை தடுமாறினாள். ஜீப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டது. எழுத்துக்கூட்டித் தாண்டிவிட்டாள். கரடி கீழே பார்த்தால் ஏணியைக் காணோம். அதோடு நிறுத்திவிட்டாள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் பேசிப் பதிவு செய்து குழுவுக்கு அனுப்பினார்: “ஏத்தா, நல்லா வாசிச்ச. ஏணிய யாரு எடுத்தாகன்னு வாசிச்சுச் சொல்லு.”

புத்தகம் பள்ளியில்தான் இருக்கும். நாளைக் காலை டீச்சர் அம்மாவின் குரலை வகுப்பில் போட்டுக் காட்டுவார். மகள் மீதியை வாசித்துப் பதில் அனுப்ப வேண்டும்.

பெரிய திரை மாட்டிப் பாட்டு மட்டும் ஓடவிடும் பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். இந்த டீச்சர் ஒரு போனை வைத்து, விடியுமுன் மலையேறிவிடும் அம்மாக்களை வகுப்புக்குள் உட்காரவைத்துவிட்டார்.

“நரிதான்,” என்றார் டிரைவர். “குரங்கு!” என்று பின்னாலிருந்து சண்டைக்கு வந்தார்கள்.

நாளை மலையில் எனக்கு ஒரு சோலியும் இல்லை. ஆனாலும் ஜீப்பில் இடம் சொல்லிவைத்திருக்கிறேன். கதை தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் போட்டு உடைக்காதீர்கள்.